ப்ராப்ஸா, சொந்தச் சரக்கா? ஜிக் ஜாக் பெட்டி வாங்க நினைக்கும் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். பிறந்தநாள் விழா, பள்ளி ஆண்டுவிழா என்று சில வருடங்களாக மேஜிக் ஷோ செய்துவரும் ஒரு தம்பி, வரும் பணத்தில் பாதியை மேஜிக் சாமான் விற்கும் டீலரிடம் புது ஐட்டம் வாங்கவே செலவழிக்கிறார். மூத்த வித்தைக்காரர் ஒருவர் அவரிடம், "பெட்டியை நம்பிப் பிழைக்கிறவன் வித்தைக்காரன் இல்லை. கையை நம்பு, சொந்தமா யோசி" என்று சொல்லிவிட்டாராம். இனிமேல் ப்ராப்ஸ், அதாவது வித்தைச் சாமான்கள், வாங்குவதையே விட்டுவிட வேண்டுமா, ஜிக் ஜாக் என்ற பெரிய மேடைப் பெட்டிக்காகச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தை என்ன செய்வது என்று கேட்கிறார்.

பெரியவர் சொன்னதில் பாதி உண்மை. மீதி, கைவித்தைக்காரர்கள் மேடை வித்தைக்காரர்களைப் பார்த்துக் காலங்காலமாக அடித்துவரும் நக்கல். இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் உங்கள் பணத்துக்கும் வழி தெரிந்துவிடும்.

முதலில் நக்கலை முடித்துவிடலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மேஜிக் என்றாலே ஹாரி கெல்லர்தான். அவருடைய பெரிய ஐட்டம், ஒரு பெண் படுத்த வாக்கில் எழும்பி அந்தரத்தில் மிதப்பது. அது அவர் கண்டுபிடித்ததில்லை. லண்டன் எகிப்தியன் ஹாலில் ஜான் நெவில் மாஸ்கலின் 1901இல் அரங்கேற்றியது. அந்த ரகசியத்தை எப்படியாவது பெற்றுவிட கெல்லர் முயன்று பார்த்தார், மாஸ்கலின் மசியவில்லை. கடைசியில் மாஸ்கலினிடம் வேலை பார்த்த பால் வாலடன் என்ற வித்தைக்காரரையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 1904இல் கெல்லரின் மேடையிலும் பெண் மிதந்தாள். 1908இல் அவர் ஓய்வு பெற்றபோது அந்த மிதப்பும் சேர்த்து ஷோ முழுவதும் ஹோவர்ட் தர்ஸ்டனிடம் கைமாறியது. கெல்லர் செய்தது நியாயமா என்றால், என்னைக் கேட்டால் இல்லை. ஆனால் அவரை வித்தைக்காரர் இல்லை என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. அடுத்தவர் கண்டுபிடித்த கருவியை வைத்துக்கொண்டு பெரிய வித்தைக்காரராக இருக்க முடியும் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கச்சேரியில் தியாகராஜர் கீர்த்தனையைப் பாடுகிறவரிடம் "சொந்தமாக ஒன்றும் இல்லையா?" என்று யாரும் கேட்பதில்லை. நிரவலில் என்ன செய்தார், ஸ்வரத்தில் என்ன செய்தார் என்றுதான் பார்க்கிறோம். மேஜிக்கிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: வாங்கி வந்ததன்மேல் நீங்கள் என்ன செய்தீர்கள்?

பெரியவர் சொன்னதில் உண்மையான பாதியை இனிப் பார்க்கலாம். அதற்கு நம் மதராஸுக்கே போக வேண்டும்.

1830ஐ ஒட்டிய வருடங்களில் மதராஸில் ஒரு பிராமணர் அந்தரத்தில் உட்கார்ந்து காட்டியதாக ஆங்கிலேயர் குறிப்புகள் சொல்கின்றன. அவர் பெயரை ஷேஷால் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் கொண்டுவந்த சாமான் இவ்வளவுதான்: பித்தளை பதித்த ஒரு குட்டை ஸ்டூல், ஒரு மூங்கில், மான்தோல் சுற்றிய ஒரு தண்டு. போர்வையால் மறைத்துக்கொள்வார். போர்வையை விலக்கும்போது தரைக்கு மேலே சில அடி உயரத்தில் சம்மணமிட்டு, ஒரு கையை அந்த மான்தோல்மேல் லேசாக வைத்தபடி ஜபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். மறுபடி போர்வை, மறுபடி தரை.

இதன் ரகசியத்தை இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்கள் தெரியாமலே இருக்கட்டும். நான் சொல்ல வந்தது அந்தச் சாமான்களைப் பற்றி. மூங்கில், மான்தோல், ஜபமாலை மூன்றும் ஒரு தபஸ்வியிடம் எப்படியும் இருக்கக்கூடியவை. அவற்றைப் பார்த்து "இது எதற்கு?" என்று எவருக்கும் தோன்றாது. கருவி இருந்தது, ஆனால் கருவியாகத் தெரியவில்லை.

1847இல் பாரிஸில் பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட்-ஹூதான் இதே ஜாதி வித்தை ஒன்றை மேடையேற்றினார். அவர் கடிகாரத் தொழில் தெரிந்தவர், வேண்டிய எந்திரத்தைத் தானே செய்துகொள்வார். அவர் காவி கட்டவில்லை, மான்தோல் விரிக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்து வலி தெரியாமல் அறுவை செய்திருந்தார்கள், ஐரோப்பா முழுக்க அதே பேச்சு. அதைப் பிடித்துக்கொண்டார். ஈதரை முகர்ந்தால் உடம்பு லேசாகிவிடும் என்று சபையில் விளக்கி, தன் சின்ன மகனை முகரவைத்து, ஒரு கைத்தடியின் மேல் முழங்கை மட்டும் ஊன்றியிருக்கும்படி அந்தரத்தில் கிடத்தினார். மேடைக்குப் பின்னால் நிஜமான ஈதரை ஆவியாக்கி வாசனையை அரங்குக்குள் பரவவிட்டார். குழந்தையை இப்படி வதைக்கலாமா என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கோபத்தைவிட ஒரு வித்தைக்காரருக்கு வேறு என்ன சான்றிதழ் வேண்டும்!

இன்று அதே ஐட்டம் 'ப்ரூம் சஸ்பென்ஷன்' என்ற பெயரில் எந்த டீலரிடமும் கிடைக்கும். ஐரோப்பிய நகரங்களில் நடைபாதையோரம் சாமியார் வேஷத்தில் தடியைப் பிடித்தபடி அந்தரத்தில் உட்கார்ந்து காசு கேட்பவர்களும் அதன் வாரிசுகள்தான். நம்மூர் மேடையில் எப்படிச் செய்கிறார்கள்? பளபளக்கும் தகடு ஒட்டிய ஒரு பலகை வரும். அதன்மேல் கலர் காகிதம் சுற்றிய துடைப்பங்கள் நிற்கும். ஒரு பெண் வந்து சாய்வார், பின்னால் சினிமாப் பாட்டு அலறும். பெண் ஏன் மிதக்கிறாள், துடைப்பம் எதற்கு, ஒன்றுக்கும் பதில் இல்லை. முதல் வரிசையில் இருக்கும் பையன் பலகையைத்தான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன்மேல் தப்பே இல்லை. பார்ப்பதற்கு அவனுக்கு நீங்கள் வேறு எதையும் கொடுக்கவில்லை.

டீலரிடம் நீங்கள் வாங்குவது ஒரு வழிமுறையை. பார்வையாளர் பார்க்கப்போவது அதையல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளதை இட்டு நிரப்பும் வேலையை டீலர் செய்ய மாட்டார், செய்யவும் முடியாது. அவர் பெட்டியோடு தரும் காகிதத்தில் மேடையில் பேச நாலு வரி பேட்டர் இருக்கும். அதையே அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் உள்ள ஜோக்குக்குச் சிரிப்பு வராமல் போய்ப் பல காலம் ஆகிறது.

உங்களிடம் இன்விசிபிள் டெக் என்ற சீட்டுக்கட்டு இருக்கும், இல்லாத மேஜிக்காரர் இல்லை. அந்தக் கட்டை முதலில் 1936இல் ஜோ பெர்க் 'அல்ட்ரா மென்டல்' என்ற பெயரில் கொண்டுவந்தார். பார்வையாளர் ஒரு சீட்டின் பெயரைச் சொல்வார், கட்டை விரித்தால் அந்த ஒரு சீட்டு மட்டும் திரும்பியிருக்கும். நல்ல வித்தை, அவ்வளவுதான். பின்னால் எடி ஃபீல்ட்ஸ் என்ற அமெரிக்கர் வந்து அதற்கு ஒரு கதை கொடுத்தார். கையில் ஒன்றுமே இல்லாமல் "இந்தாங்க, கண்ணுக்குத் தெரியாத சீட்டுக்கட்டு, பிடிங்க" என்று தூக்கிப் போடுவது. எதிரில் இருப்பவர் காற்றைக் கலைப்பார், காற்றிலிருந்து ஒரு சீட்டை உருவுவார், திருப்பிச் செருகுவார். "கீழே ஒண்ணு விழுந்துடுச்சு பாருங்க" என்றால் குனிந்துகூடத் தேடுவார். சுற்றி இருப்பவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நிஜக் கட்டு வெளியே வருகிறது, அவர் காற்றில் திருப்பிய சீட்டு இங்கே திரும்பியிருக்கிறது. பெர்க் தந்த சீட்டுக்கட்டில் ஒரு சீட்டுகூட மாறவில்லை. ஆனால் இன்று உலகம் முழுக்க அந்தக் கட்டின் பெயரே ஃபீல்ட்ஸின் கதையை ஒட்டித்தான் வழங்குகிறது. பெர்க் வைத்த பெயரைப் பழைய ஆட்களைத் தவிர யாரும் சொல்வதில்லை. இதில் எது ப்ராப்ஸ், எது கற்பனை என்று கோடு கிழித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஜோம்பி பந்தும் அப்படித்தான். ஜோ கார்சன் 1943இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. துணிக்கு மேலே எட்டிப் பார்க்கும் வெள்ளிப் பந்து. வாங்கியவர்களில் பெரும்பாலோர் துணியை இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு பந்தை ஏற்றி இறக்குவார்கள், நிலா உதித்து மறைவதுபோல. நீல் ஃபாஸ்டர் என்ற வித்தைக்காரர் அதே பந்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உழைத்தார். அவர் கையில் பந்து தானாகப் போவதாகவும் அவர் அதன் பின்னால் போவதாகவும் தெரியும்.

சரி, நம் சூழலுக்கு வருவோம். எக் பேக், அதாவது காலிப் பையில் முட்டை வந்து மறைவது, பழைய வித்தை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டன் சந்தைகளில் ஐசக் ஃபாக்ஸ் பைக்குள்ளிருந்து முட்டை முட்டையாக எடுத்துக் காசு பார்த்திருக்கிறார். டீலரிடம் வாங்கினால் கருப்பிலோ சிவப்பிலோ வெல்வெட் பை வரும். இந்தப் பை எந்த வீட்டில் இருக்கிறது? எதற்குப் பயன்படுகிறது? மேஜிக்காரனிடம் மட்டும் இருக்கும் பை என்றாலே மக்கள் உஷாராகிவிடுவார்கள்.

திருச்சிப் பக்கம் ஒருவர் கல்யாண ரிசப்ஷன்களில் இதைத் தாம்பூலப் பையில் செய்வார். பெண், மாப்பிள்ளை பெயர் அச்சடித்த அதே மஞ்சள் துணிப்பை. மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் சாப்பாட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் பையை நீட்டுவார். "மாமா, உங்களுக்குப் பை குடுத்தாங்களா? உள்ள தேங்காய் இருக்கா பாருங்க." மாமா கையை விட்டுத் துழாவுவார், ஒன்றும் இருக்காது. "என்ன மாமா, வெறும் பையையா குடுத்துட்டாங்க? பொண்ணு வீட்டுக்காரங்க கொஞ்சம் வாங்க!" என்று சத்தம் போடுவார். மறுபடி பார்த்தால் ஒரு எலுமிச்சம்பழம். "இதான் மாமா உங்களுக்கு." எலுமிச்சையும் காணாமல் போகும், பையை உள்வெளியாகத் திருப்பிக் காட்டுவார். மாமி ஒருவர் வந்து பார்ப்பார், மறுபடி எலுமிச்சை. கடைசியில் அந்தப் பையிலிருந்து முழுத் தேங்காய் ஒன்று மேஜைமேல் டொக்கென்று வந்து உட்காரும். மண்டபம் அதிரும்.

எக் பேக்கில் ஒரு பழைய தலைவலி உண்டு. திரும்பத் திரும்பப் பையைக் காலி என்று காட்டினால் "ஏன் இவ்வளவு காட்டுகிறான்?" என்ற சந்தேகம் வந்துவிடும். தாம்பூலப் பையில் அந்தச் சிக்கலே எழாது. வாங்கிய பையில் கையை விட்டுத் துழாவிப் பார்க்காத மனிதர் தமிழ்நாட்டில் உண்டா? பையைச் சோதிப்பது கதைக்குள்ளேயே வந்துவிடுகிறது. கற்பனை என்று நான் சொல்வது இந்த மாதிரி விஷயத்தை. அவர் புது ரகசியம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தெரு முனைத் தையல்காரரிடம் உள்ளே எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். வெல்வெட் பையின் விலையைவிடத் தையல் கூலி குறைவு.

வங்காளத்து வித்தைக்காரர் பி.சி. சர்க்கார் ஷோ நெடுக ஒரு செம்பிலிருந்து தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு ஐட்டத்துக்கு நடுவிலும் செம்பு மறுபடி நிறைந்திருக்கும். 'வாட்டர் ஆஃப் இந்தியா.' டீலர்கள் விற்கும் மிகச் சாதாரணச் சாமான்களில் அதுவும் ஒன்று. நம் ஆட்கள் அதையும் அலுமினியத்தில், பூ வரைந்து, வெளிநாட்டு ஜாடி மாதிரி வாங்கி வருகிறார்கள். பித்தளைச் செம்பு நம் ஊரில் கிடைக்காத பொருளா என்ன?

இன்னொரு நடைமுறைச் சிக்கல், இது பெரியவர் காலத்தில் கிடையாது. இப்போது டீலர் ஒரு ஐட்டத்தை விற்க வீடியோ போடுகிறார், ஆன்லைன் கடையிலும் அது கிடைக்கிறது. புரட்டப் புரட்டப் படங்களில் வண்ணம் ஏறும் மேஜிக் கலரிங் புக்கை நீங்கள் திறக்கும் முன்பே ஒரு சுட்டி எழுந்து, "அங்கிள், இது என்கிட்டயும் இருக்கு" என்பான். 1550லேயே இத்தாலிய அறிஞர் கார்டானோ எழுதி வைத்த அளவுக்குப் பழைய புத்தக வித்தை அது. பழசாக இருப்பது குறையில்லை, கடையில் பார்த்த அதே உருவத்தில் நீங்களும் காட்டுவதுதான் குறை. அதே தத்துவத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளின் நோட்டு மாதிரியே அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, ஒன்றைத் தயார் செய்தால் அந்தப் பையனுக்கு எழுந்து நிற்க வேலை இல்லை.

இவ்வளவும் சொன்னதால் நாளையிலிருந்து எல்லாவற்றையும் நீங்களே கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். "சொந்தமா யோசி" என்பதைத் தொடக்கக்காரரிடம் சொல்வது ஆபத்து. அடிப்படை தெரியாமல் யோசிப்பவர்கள் ஏற்கெனவே இருக்கும் வித்தையையே மோசமாக மறுபடி கண்டுபிடிப்பார்கள். வளையக் கோர்ப்பு, கயிறு, நாணயம், கிண்ணங்களுக்கடியில் பந்து மறைந்து தோன்றும் செப்பும் பந்தும் என்று பழைய வித்தைகளைக் கை வலிக்கப் பழகிய பிறகே எதை எங்கே மாற்றலாம் என்று தெரியவரும். கேரளத்தின் வாழக்குன்னம் நம்பூதிரி செப்பும் பந்தும் வைத்தே பேர் வாங்கினார். அவர் கையாண்டது தெருவில் எல்லோரும் காட்டிக்கொண்டிருந்த வித்தைதான்.

வேறு வழியே இல்லாமல் எல்லாவற்றையும் தானே யோசித்தவர் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அர்ஜென்டினாவின் ரெனே லாவன்ட். ஒன்பது வயதில் விபத்தில் வலது கையை இழந்தவர். சீட்டு வித்தைப் புத்தகங்கள் அத்தனையும் இரண்டு கை உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை, டீலர் விற்பதும் அப்படியே. ஒற்றைக் கைக்கு அவரேதான் வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவருடைய புகழ்பெற்ற ஐட்டம் ஒன்றில் மேஜைமேல் ஒரு கோப்பை, மூன்று ரொட்டித் துணுக்குகள், வேறொன்றும் இல்லை. ஒன்றைத் தூரப் போடுவார், கோப்பையைக் கவிழ்த்தால் மறுபடி மூன்று. திரும்பவும் செய்வார், இன்னும் மெதுவாக. "இதைவிட மெதுவாகச் செய்ய முடியாது" என்பார். அதைவிட மெதுவாகச் செய்து காட்டுவார். வேகத்தில் மறைக்கிறான் என்ற சந்தேகத்துக்கே இடமில்லாமல் போய்விடும். காணொளி கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். ஆனால் அதே வித்தையை, அதே வசனத்தை, அதே நடையில் காப்பி அடித்துவிடாதீர்கள். கோப்பையும் ரொட்டியும் எல்லோருக்கும் பொது, அந்த மெதுவும் அந்த வாக்கியமும் அவருடையவை.

காப்பி என்றதும் ஜிக் ஜாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராபர்ட் ஹார்பின் 1965இல் உருவாக்கியது அது. ஒரு பெண்ணை நிற்க வைத்து, நடுப்பகுதியை மட்டும் பக்கவாட்டில் இழுத்துவிடும் பெட்டி. 1970இல் ஹார்பின் தன் வித்தைகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். 500 பிரதிகள் மட்டும். அதை வாங்கியவருக்கு மட்டுமே பெட்டியைச் செய்துகொள்ள அனுமதி என்று கணக்கு. அதன் பிறகு உலகம் முழுக்க எத்தனை ஆயிரம் ஜிக் ஜாக் பெட்டிகள் செய்யப்பட்டன என்று யாருக்குத் தெரியும்! அதில் எத்தனை பேர் ஹார்பின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

சட்டம் இதில் ஓரளவுதான் உதவும். ரகசியத்தைக் காப்புரிமையில் பதிவு செய்தால் விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்தால் எவரும் படிக்கலாம். பெண்ணை அறுக்கும் வித்தைக்கு 1923இல் ஹோரஸ் கோல்டின் அப்படிக் காப்புரிமை வாங்கினார். பத்து வருடம் கழித்து ஒரு சிகரெட் கம்பெனி தன் விளம்பரத்திலேயே அந்த ரகசியத்தைப் போட்டு உடைத்தது. வழக்குப் போட்டும் தோற்றார். பென் அண்ட் டெல்லர் என்ற அமெரிக்க மேஜிக் ஜோடியில் டெல்லர் வேறு வழியில் போனார். ஒரு பூச்சாடி, அதில் ரோஜா, பின்னால் திரையில் அதன் நிழல். அவர் கத்தியால் நிழலைத்தான் வெட்டுவார், நிஜப் பூவின் இதழ்கள் உதிரும். 'ஷேடோஸ்' என்ற இந்த வித்தையை 1983லேயே ஒரு மௌன நாடகமாகப் பதிப்புரிமையில் பதிந்து வைத்திருந்தார். 2012இல் ஐரோப்பிய வித்தைக்காரர் ஒருவர் அதைப் போலவே ஒன்றைச் செய்து வீடியோ போட்டு, ப்ராப்ஸை விற்கவும் கிளம்பினார். 2014இல் அமெரிக்க நீதிமன்றம் டெல்லர் பக்கம் நின்றது. தன் ரகசிய முறையே வேறு என்று எதிராளி வாதாடியது எடுபடவில்லை. மேடையில் கண்ணுக்குத் தெரிவது ஒன்றாக இருக்கிறதல்லவா என்றது நீதிமன்றம். கருவிக்குள் என்ன இருந்தது என்பதை ஒதுக்கிவிட்டு, அரங்கில் என்ன நடந்தது என்பதையே படைப்பாக எடுத்துக்கொண்டார்கள். டீலர்களின் விலைப்பட்டியலைப் புரட்டும்போது இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி உங்கள் பணம். ஜிக் ஜாக் இப்போது வேண்டாம். பெட்டியின் விலையோடு அது முடியாது. ஏற்றிப் போக வண்டி, உள்ளே நிற்கப் பழகிய உதவியாளர், மூன்று பக்கமும் ஆட்கள் உட்காராத மேடை, வீட்டில் வைக்க இடம் எல்லாம் வேண்டும். பிறந்தநாள் வீட்டு ஹாலில் குழந்தைகள் உங்கள் காலடியிலேயே உட்கார்ந்திருப்பார்கள், அங்கே அதைத் திறக்கவே முடியாது. ஆண்டுவிழா மேடைகள் நிறைய வந்து, நிலையான ஒரு குழு அமைந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கும் மலிவாகக் கிடைக்கிறதே என்று திருட்டு நகலை வாங்காமல், வடிவமைத்தது யார், செய்யும் உரிமை யாரிடம் என்று கேட்டு வாங்குங்கள். நகல்களில் கதவு ஒரு விரற்கடை இடறினாலும் மேடையில் மானம் போகும்.

இருக்கிற ஐட்டங்களை வெளியே எடுத்துப் பரப்புங்கள். எதைச் செய்தபோது மக்கள் உங்களைப் பற்றிப் பேசினார்கள், எதைச் செய்தபோது "அந்த டப்பாவில் ஏதோ இருக்கு" என்றார்கள் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாவது ரகத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: இந்தப் பொருள் இந்த வீட்டில் எதுவாக இருந்திருக்கும்? மூடித் திறந்தால் புறா வரும் டவ் பேன் ஒரு இட்லிப் பானை ஆகலாம், உள்ளே போட்டதை வேறாக மாற்றித் தரும் சேஞ்ச் பேக் தாம்பூலப் பையோ பள்ளிக்கூடப் பையோ ஆகலாம். சிலது எதுவாகவும் ஆகாது, அவற்றை யாருக்காவது விற்றுவிடுங்கள். சேர்த்து வைத்த பணத்தில் கொஞ்சத்தை நல்ல தையல்காரருக்கும் தச்சருக்கும் கொடுங்கள். கைக்குள் அடங்கும் தம்ப் டிப் என்ற குட்டிக் கருவி, கயிறு, சீட்டுக்கட்டு, நாணயம் போன்ற சின்னச் சாமான்களை மட்டும் தரமானதாக, டீலரிடமே, கூசாமல் வாங்குங்கள். அந்தப் பெரியவர் பையிலும் ஒரு தம்ப் டிப் இருக்கும், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.